ஆல்புமின் குறைந்தவருக்கு மருந்து இல்லையா?

நுரையீரல் புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இப்போது ஒரு வாதமும் கூடவே எழுகிறது. மருந்தின் விலை அதிகம். எல்லோருக்கும் அது வேலை செய்வதில்லை. யாருக்கு வேலை செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதற்குத் திசுப் பரிசோதனையோ மரபணுப் பரிசோதனையோ தேவையில்லை, எந்த ஊர் லேபிலும் கிடைக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்தால் ஓர் எண், ஆல்புமினைப் பத்தால் பெருக்கினால் இன்னோர் எண். எண் மோசமாக இருந்தால் உடம்பில் அழற்சி முற்றிவிட்டது, சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். இனி மருந்து கொடுத்துப் பயனில்லை, குடும்பத்தைக் கடனாளி ஆக்க வேண்டாம். இதுதான் அந்த வாதம். இதைச் சொல்பவர் ஒருவர் அல்லர், பலர். கருத்தரங்க மேடையில் சொல்கிறார்கள், ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் சொல்கிறார்கள், நோயாளியின் மகனைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலிலும் சொல்கிறார்கள். வசதிக்காக அவர்கள் எல்லோரையும் சேர்த்து ‘நண்பர்’ என்று இங்கே அழைக்கிறேன்.

நண்பரின் வாதத்தில் ஒரு பாதி உண்மை. அழற்சிக் குறியீடு ஏறியவர்களும் ஆல்புமின் இறங்கியவர்களும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆகவே அவர்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்பது மறு பாதி. அது எங்கும் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்ட பாதியைக் காட்டி நிறுவப்படாத பாதியை விற்பதுதான் இங்கே நடக்கும் வியாபாரம்.

இந்தக் குறியீடுகளின் பிறந்த தேதிகளிலிருந்து தொடங்குவோம். நண்பர் பயபக்தியோடு உச்சரிக்கும் ‘முன்கணிப்பு ஊட்டச்சத்துக் குறியீடு’, அதாவது பி.என்.ஐ., 1984-இல் ஜப்பானில் ஓனோடெரா குழுவினர் வகுத்தது. நூறு மில்லிலிட்டர் ரத்த சீரத்தில் உள்ள ஆல்புமினின் கிராம் அளவைப் பத்தால் பெருக்க வேண்டும், லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்ட வேண்டும். இரைப்பை, குடல் அறுவைக்கு வரும் நோயாளியின் குடலை வெட்டி இணைக்கலாமா என்ற கேள்விக்காக அது உருவானது. 40-க்குக் கீழே போனால் வேண்டாம் என்றார்கள். நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதத்தை 2001-இல் ஸ்லோவாக்கியாவின் ஸகோரெக் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை வைத்து முன்மொழிந்தார். அழற்சியில் ஏறும் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழ் என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ முறை 2003-இல் வந்தது. உடல் நிறைக் குறியெண்ணை ஆல்புமினால் பெருக்கி, நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதத்தால் வகுக்கும் ஏ.எல்.ஐ. 2013-இல் வந்தது. இம்யூனோதெரபி மருந்தான நிவோலுமாப் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதோ 2015-இல்.

மருந்து சந்தைக்கு வருமுன்பே அந்த மருந்து யாருக்குப் பலிக்காது என்று கண்டுபிடித்துவிட்ட குறியீடுகள் இவை! ஜாதகம் எழுதுபவர்கூடக் குழந்தை பிறக்கும்வரை காத்திருப்பார். அறுவை மேசையில், தீவிர சிகிச்சைப் பிரிவில், பழைய கீமோதெரபியின் காலத்தில் யார் சீக்கிரம் இறப்பார்கள் என்று சொன்ன அதே எண், இம்யூனோதெரபி காலத்திலும் யார் சீக்கிரம் இறப்பார்கள் என்று சொல்கிறது. இதிலிருந்து எடுக்கக்கூடிய நேர்மையான முடிவு, நோய் முற்றியவர் எந்தச் சிகிச்சையிலும் சீக்கிரம் இறக்கிறார் என்பது ஒன்றுதான். இம்யூனோதெரபியைப் பற்றிய எந்தச் செய்தியும் அதில் இல்லை.

இது நுணுக்கமான புள்ளியியல் சண்டை என்று நண்பர் கையை உதறுவார். இல்லை. பள்ளிக் கணக்குதான். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரத்தக் குறியீடு நன்றாக உள்ளவர்கள் கீமோவில் 10 மாதமும் இம்யூனோதெரபியில் 15 மாதமும் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறியீடு மோசமானவர்கள் கீமோவில் 4 மாதம், இம்யூனோதெரபியில் 6 மாதம். நண்பர் தன் மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் தூசி தட்டி இம்யூனோதெரபி பெற்றவர்களை மட்டும் எடுக்கிறார். ஒரு பக்கம் 15 மாதம், மறுபக்கம் 6 மாதம். குறியீடு மோசமென்றால் மருந்து தோற்கிறது என்று எழுதி அனுப்பிவிடுகிறார். அவர் எடுக்காமல் விட்ட கீமோ கோப்புகளையும் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? 10 என்பது 15 ஆனது, 4 என்பது 6 ஆனது. இரு தரப்புக்கும் மருந்து ஒன்றரை மடங்கு ஆயுள் கொடுத்திருக்கிறது. நான்கு மாதம் வாழ வேண்டியவருக்குக் கிடைத்த அந்த இரண்டு மாதத்தைப் பயனில்லை என்று தள்ளும் அதிகாரத்தை நண்பருக்கு எந்தக் கோப்பு கொடுத்தது?

ஒரு குறியீடு இந்த மருந்துக்கே உரிய பலனை முன்னறிவிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு வேண்டும். குறியீடு மாறும்போது இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசமும் மாறுகிறதா என்று சோதிக்க வேண்டும். நண்பர் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. இம்யூனோதெரபி பெற்றவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஒரு கையைக் கட்டிக்கொண்டு இரு கை தட்டும் ஓசையைப் பற்றி ஆய்வு எழுதியிருக்கிறார்கள்.

ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வும் உண்டே என்று நண்பர் எல்.ஐ.பி.ஐ.யை எடுப்பார். எடுக்கட்டும், அவருடைய வாதம் இடறி விழுவதே அங்கேதான். 2018-இல் மெஸ்கீட்டா குழுவினர் ஜாமா ஆன்காலஜி இதழில் வெளியிட்ட நுரையீரல் நோயெதிர்ப்பு முன்கணிப்புக் குறியீடு அது. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை மற்ற வெள்ளணுக்களால் வகுத்து வரும் எண் 3-க்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி, எல்.டி.எச். என்ற நொதி இயல்புக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி. இம்யூனோதெரபி பெற்றவர்களில் புள்ளியே இல்லாதவர்கள் இடைநிலையாக 34 மாதம் வாழ்ந்தார்கள், ஒரு புள்ளிக்காரர்கள் 10 மாதம், இரு புள்ளிக்காரர்கள் 3 மாதம். பக்கத்தில் வைத்துப் பார்த்த கீமோ குழுவில் இந்த வேறுபாடு தெரியவில்லை. உடனே, இது இம்யூனோதெரபிக்கே உரிய குறியீடு என்று மேடைகள் அதிர்ந்தன. அந்தக் கீமோ குழுவில் இருந்தவர்கள் 162 பேர் மட்டுமே என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

மறு ஆண்டே, அதே இதழில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை முறையாகச் சோதித்து எழுதினார்கள். 11 சமவாய்ப்பு ஆய்வுகள், ஏறத்தாழ 4,000 நோயாளிகள். இம்யூனோதெரபி பெற்றவர்கள், கீமோ பெற்றவர்கள், இலக்குசார் மருந்து பெற்றவர்கள் என்று மூன்று தரப்பும் இருந்தன. முடிவு என்ன? எந்தச் சிகிச்சை பெற்றாலும் எல்.ஐ.பி.ஐ. மோசமானவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். குறியீடு நோயின் போக்கைச் சொன்னது, மருந்தின் பலனைச் சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஸ்லைடில் போடும் நண்பர் 2019-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்கவில்லையா, படித்தும் போடவில்லையா? முதலாவது சோம்பல், இரண்டாவது அதைவிட மோசம்.

இன்னொரு சான்று. தளர்ந்த நோயாளிகள் பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்படுவதே இல்லை, ஆகவே அவர்களுக்கு மருந்து கொடுக்க ஆதாரமில்லை என்பது நண்பரின் வழக்கமான பல்லவி. ஐ.பி.எஸ்.ஓ.எஸ். என்ற ஆய்வு அவர்களை மட்டுமே சேர்த்தது. பிளாட்டினம் சார்ந்த இரட்டைக் கீமோவைத் தாங்க முடியாத 453 பேர். பெரும்பாலோர் பகலில் கணிசமான நேரம் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவர்கள். மற்றவர்கள் 70 வயதைக் கடந்து வேறு நோய்களையும் சுமந்தவர்கள். ஒரு தரப்புக்கு அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, மறு தரப்புக்கு ஒற்றைக் கீமோ மருந்து. 2023-இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, இடைநிலை ஆயுள் 10.3 மாதமும் 9.2 மாதமும். வித்தியாசம் அற்பம் என்று நண்பர் சிரிப்பதற்கு முன் அடுத்த வரியையும் படிக்கட்டும். இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் கீமோ தரப்பில் 12 சதவீதம், இம்யூனோதெரபி தரப்பில் 24 சதவீதம். இரு மடங்கு. இந்த ஆய்வு நோயாளிகளை ரத்தக் குறியீட்டின்படி பிரித்துச் சேர்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இப்படித் தளர்ந்தவர்களின் ரத்தத்தில் சி.ஆர்.பி. தாழ்ந்தும் ஆல்புமின் நிமிர்ந்தும் இருக்கும் என்று எந்த மருத்துவரும் எதிர்பார்க்க மாட்டார். நண்பரின் சல்லடையில் பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கக்கூடிய கூட்டம் அது. அதில் இம்யூனோதெரபி பெற்ற நால்வரில் ஒருவர் இரண்டாண்டைக் கடந்திருக்கிறார்.

இங்கே நண்பர் உயிரியலுக்குத் தாவுவார். அவர் கையில் உள்ள வலுவான சீட்டு அதுதான், ஆகவே அதற்கு மரியாதையோடே பதில் சொல்ல வேண்டும். பி.டி-1 வகை இம்யூனோதெரபி மருந்துகள் டி-செல்களின் மேல் புற்றுக்கட்டி போட்டிருக்கும் தடையை நீக்குகின்றன. நீக்கினால் ஓடுவதற்கு டி-செல் இருக்க வேண்டும், அதாவது லிம்போசைட் வேண்டும். நியூட்ரோஃபில்களும் அவற்றின் முதிராத உறவுக்காரச் செல்களும் டி-செல்களை அடக்குகின்றன. ஆகவே விகிதம் ஏறினால் மருந்து தோற்பதுதானே இயற்கை? கேட்க அழகான கதைதான். பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை சரியாக இருக்கலாம் என்பதும், அந்தக் கதையை ஒரு விகிதம் அளக்கிறது என்பதும், அந்த அளவு சிகிச்சையைத் தீர்மானிக்கலாம் என்பதும் மூன்று தனித்தனிக் கூற்றுகள். நியூட்ரோஃபில்களைக் கட்டிக்குள் இழுக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தை 2020-இல் நேச்சர் மெடிசினில் வெளியான ஆய்வு ஒன்று 1,344 நோயாளிகளிடம் அளந்தது. அது ஏறியவர்களுக்கு விளைவு மோசம்தான். ஆனால் இம்யூனோதெரபி மருந்துகளான நிவோலுமாப், இபிலிமுமாப் பெற்றவர்களிடம் மட்டுமல்ல, வேறு வகை மருந்துகளான டோசிடாக்ஸெல், எவரோலிமஸ் பெற்றவர்களிடமும் அதே போக்குத்தான் தெரிந்தது. உயிரியல் கதையின் நேரடிப் பாத்திரத்தையே அளந்தபோதும் வந்த பதில் அதுவென்றால், கதையின் மூன்றாம் கைச் சாட்சியான சி.பி.சி. ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எப்படி?

அழற்சிதான் வில்லன் என்றால் அதை அடக்கினால் நோயாளி பிழைக்க வேண்டுமல்லவா? அதையும் செய்து பார்த்தாயிற்று. மாரடைப்பு வந்து மீண்டவர்களில் சி.ஆர்.பி. ஏறியிருந்த பத்தாயிரம் பேரிடம் கானகினுமாப் என்ற மருந்தைச் சோதித்த கேன்டோஸ் ஆய்வில் எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் அந்த மருந்தைப் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோயும் அதனால் வந்த மரணமும் குறைந்திருந்தன. 2017-இல் அந்த முடிவு வெளிவந்ததும் புற்றுநோய் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கேனோபி என்ற பெயரில் அடுத்தடுத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. முற்றிய நோயில் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாபோடும் கீமோவோடும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஆயுள் கூடவில்லை. டோசிடாக்ஸெலோடு சேர்த்தார்கள், கூடவில்லை. அறுவைக்குப் பின் கொடுத்தார்கள், நோய் திரும்புவது குறையவில்லை. 2021, 2022 ஆண்டுகளில் மூன்றும் தோற்றன. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த உறவு நண்பர் நினைப்பதுபோல் ஒரு குமிழைத் திருகினால் திருகிய பக்கம் திரும்பும் உறவு அல்ல என்பதே பொருள்.

சரி, சத்துக் குறியீடுகளுக்கு வருவோம். இங்கே நண்பர் செய்வது வெறும் பிழை அல்ல, நோயாளியின் வீட்டுக்கு இழைக்கும் அநீதி. ஆல்புமின் 2.8 என்றதும் ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்கிறார். மறுநாள் முதல் அந்த வீட்டில் முட்டை வெள்ளைக்கருவும் புரதப் பொடியும் நோயாளியின் வாயில் திணிக்கப்படுகின்றன. பதினைந்து நாள் கழித்து ஆல்புமின் 2.7. மனைவி தன்னையே நொந்துகொள்கிறார். ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். உடம்பில் அழற்சி எழுந்தால் இன்டர்லூக்கின்-6 கல்லீரலின் வேலைத்திட்டத்தையே மாற்றிவிடுகிறது. சி.ஆர்.பி.யை அள்ளிக் கொட்டு, ஆல்புமினைக் குறை என்பது அதன் உத்தரவு. ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிந்து, இருக்கும் ஆல்புமினும் வெளியேறுகிறது. இந்த நிலையில் எத்தனை முட்டை கொடுத்தாலும் எண் ஏறாது. ஆல்புமின் ஊட்டத்தின் அளவுகோல் அல்ல, அழற்சியின் நிழல் என்பதை மருத்துவ ஊட்டச்சத்துக்கான அமெரிக்க அமைப்பான ஆஸ்பென் தன் நிலைப்பாட்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஊட்டக்குறைவைக் கண்டறிய உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட கிளிம் வரையறை எடை இழப்பு, உடல் நிறைக் குறியெண், தசைக் குறைவு, உணவு உட்கொள்ளும் அளவு, நோயின் அழற்சி ஆகியவற்றைக் கேட்கிறது. ஆல்புமினுக்கு அதில் அளவெல்லையே கிடையாது.

இப்போது பி.என்.ஐ. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆல்புமின் 3.5, லிம்போசைட் 1,500 என்றால் 35-உடன் 7.5 சேர்ந்து 42.5. நாற்பதுக்கு மேல், தப்பித்தார். கட்டி அடைத்த மூச்சுக்குழாய்க்குப் பின்னால் நிமோனியா வந்து ஆல்புமின் 3.0-க்கு இறங்கினால் 37.5. போச்சு. இந்த இடைவெளியில் அவர் உணவிலும் மாற்றமில்லை, கட்டியிலும் மாற்றமில்லை. வந்தது நிமோனியா. அதற்குத் தேவை ஆன்டிபயாடிக். நண்பரின் அட்டவணையோ அவரைச் ‘சத்துக் குறைந்த, இம்யூனோதெரபிக்குத் தகாத’ பத்தியில் எழுதி வைக்கிறது.

ஆல்புமினுக்கும் இந்த மருந்துகளுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, நண்பர் அதைத் தலைகீழாகப் படிக்கிறார். ஆல்புமினையும், இம்யூனோதெரபியில் தரும் எதிர்ப்பொருள் மருந்துகளையும் உடம்பு சிதைக்காமல் மீட்டெடுக்க ஒரே ஏற்பியைத்தான் பயன்படுத்துகிறது. நோய் உடம்பை உருக்கும்போது புரதச் சிதைவு வேகமெடுக்கிறது, ஆல்புமினும் போகிறது, மருந்தும் வேகமாக வெளியேறுகிறது. ரத்தத்தில் மருந்து குறைந்ததால்தான் பலன் குறைந்தது, டோஸை ஏற்றினால் தீரும் என்று தோன்றலாம். பெம்ப்ரோலிசுமாபைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற இரண்டு டோஸ்களில் கொடுத்த ஆய்வுகளை 2018-இல் அலசியவர்கள், டோஸை ஐந்து மடங்கு ஏற்றியும் பலன் ஏறவில்லை, மருந்து வேகமாக வெளியேறுவது உடல் உருகுவதன் அடையாளமே என்றார்கள். அங்கேயும் எண் சொன்னது நோயின் தீவிரத்தைத்தான்.

இந்த எண்கள் எதனால் எல்லாம் ஆடுகின்றன என்பதை நண்பர் நோயாளியிடம் சொல்வதே இல்லை. மூளைக்குப் பரவிய நோயில் வீக்கம் குறையத் தரும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும். முதல் நாள் 6,000-க்கு 1,500, விகிதம் 4. ஸ்டீராய்டு ஏறியபின் 9,000-க்கு 900 என்றால் விகிதம் 10. ஊசி போட்டது நாம், தண்டனை நோயாளிக்கு. ஸ்டீராய்டு கதையே ஒரு பாடம். சிகிச்சை தொடங்கும்போது ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு இம்யூனோதெரபி பலனளிக்கவில்லை என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்ததும், ஸ்டீராய்டு இம்யூனோதெரபியை முறித்துவிடுகிறது என்று முடிவு கட்டினார்கள். மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு ஸ்டீராய்டு எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தது. புற்றுநோயின் தொல்லைகளைத் தணிக்கப் பெற்றவர்களுக்குத்தான் விளைவு மோசம். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். குற்றவாளி ஸ்டீராய்டு அல்ல, ஸ்டீராய்டு தேவைப்பட்ட நிலை.

இதோடு நம் ஊர்ச் சங்கதியைச் சேருங்கள். உலகக் காசநோயில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவில். காசநோய் சி.ஆர்.பி.யை ஏற்றும், ஆல்புமினை இறக்கும், எடையைக் கரைக்கும், நுரையீரலில் நிழலும் போடும். புற்றுநோயும் அப்படியே. ஜப்பானிய, ஐரோப்பிய மருத்துவமனைக் கோப்புகளில் பிறந்த எல்லைக்கோட்டை இங்கே அப்படியே இறக்குமதி செய்பவர், கண்டுபிடிக்காத காசநோயை இம்யூனோதெரபியின் தோல்வியாக எழுதிவிட வாய்ப்பு உண்டு.

எல்லைக்கோடு என்றேன். எந்த எல்லைக்கோடு? ஒரு கட்டுரையில் விகிதம் 3, இன்னொன்றில் 4, வேறொன்றில் 5. தசமத்தோடு வரும் எல்லைகளும் உண்டு. கையில் உள்ள தரவிலேயே எந்த இடத்தில் வெட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதோ அந்த இடத்தில் வெட்டி, பிறகு வித்தியாசம் தெரிகிறது என்று வியப்பது இந்தத் துறையின் வாடிக்கை. இதன் ஆபத்தை ஆல்ட்மனும் சகாக்களும் 1994-லேயே எழுதிவிட்டார்கள். இப்படித் தேடி வெட்டினால் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 40 சதவீதம்வரை போகலாம். எல்லையில் நிற்பவரின் கதியைப் பாருங்கள். ஏ.எல்.ஐ. கணக்கில் உடல் நிறைக் குறியெண் 22, ஆல்புமின் 3.8, விகிதம் 4 என்றால் 20.9. எல்லையான 18-ஐத் தாண்டிவிட்டார். விகிதம் 5 ஆனால் 16.7, தோற்றுவிட்டார். 4-க்கும் 5-க்கும் இடையில் ஒரு சளிக்காய்ச்சல் போதும்.

இவ்வளவுக்கும் புதிது புதிதாக முளைக்கும் இந்தக் குறியீடுகளில் பெரும்பாலானவை நியூட்ரோஃபில், லிம்போசைட், தட்டணு, ஆல்புமின், சி.ஆர்.பி. என்ற அரை டஜனுக்கும் குறைந்த எண்களைக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் செய்தவைதான். நாலு குறியீடும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று நண்பர் பெருமிதப்படுகிறார். ஒரே ஆள் நாலு சட்டை மாற்றி வந்து சொன்ன சாட்சியை நாலு சாட்சியாக எண்ணுவதற்கு ஆய்வு என்று பெயரில்லை.

சிகிச்சை தொடங்கி ஆறு வாரத்தில் விகிதம் இறங்கினால் பலன் உண்டு, ஏறினால் இல்லை என்பது நண்பரின் கடைசி அரண். கட்டி சுருங்கினால் அழற்சி குறையும், விகிதம் இறங்கும். அது பலனைத் தொடர்ந்து வரும் செய்தி. மேலும், ஆறாம் வார ரத்தம் கொடுக்க ஆறு வாரம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குள் இறந்தவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கில் எந்தக் குறியீடும் கொஞ்சம் மினுங்கத்தான் செய்யும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனைகளைக் குப்பையில் போடச் சொல்கிறேனா? இல்லை. நோயின் கனத்தை அறிய அவை நல்லவை, மலிவானவை. புதிய மருந்தைச் சோதிக்கும்போது இரு தரப்பிலும் மோசமான எண்ணுள்ளவர்கள் சமமாக இருக்கிறார்களா என்று பார்க்க அவை வேண்டும். எண் மோசமென்றால் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. தொற்று உண்டா, காசநோய் உண்டா, ஸ்டீராய்டு ஓடுகிறதா, எடை எவ்வளவு இறங்கியது, விழுங்க முடிகிறதா, வலி அடங்கியிருக்கிறதா? முற்றிய நுரையீரல் புற்றுநோயில் வலிதணிப்புச் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே சேர்த்தவர்கள் இடைநிலையாக 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்ததை 2010-இல் பாஸ்டனில் டெமெல் குழுவினர் காட்டினார்கள். பரவிய உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயில் கீமோவோடு ஊட்டச்சத்து ஆலோசனையும் மனநல ஆதரவும் சேர்த்த சீன ஆய்வில் 11.9 மாதம் 14.8 ஆனது. மோசமான எண் வந்தவருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதே இவற்றின் பாடம். நண்பரோ அதே எண்ணைக் காட்டிக் கவனிப்பைக் குறைக்கிறார். எடையை மட்டும் ஏற்றிக் காட்டினாலும் போதாது. அனமோரெலின் மருந்து நுரையீரல் புற்றுநோயாளிகளின் தசை எடையைக் கூட்டியது, கைப்பிடி வலிமையைக் கூட்டவில்லை. ஜப்பான் அனுமதித்தது, ஐரோப்பா மறுத்தது. குறியீட்டைத் திருத்துவதும் மனிதரைத் தேற்றுவதும் ஒன்றல்ல.

மிஞ்சுவது பணம். நண்பரின் வாதத்துக்கு உயிர் கொடுப்பது அறிவியல் அல்ல, இதுதான். விலை உண்மையிலேயே கொடுமை. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட இந்த வகைச் சிகிச்சைகள் 1 முதல் 3 சதவீதம் நோயாளிகளுக்குத்தான் எட்டுகின்றன என்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்களே எழுதினார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை, யாரைக் கழித்துவிடலாம் என்று ரத்தத் தாளையும் புரட்டவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் போதுமா என்று சமவாய்ப்பு ஆய்வு நடத்தினார்கள். வழக்கமான 240 மில்லிகிராமில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. தொடர் குறைந்த அளவுக் கீமோவோடு அதைச் சேர்த்தபோது, ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதம் ஆனார்கள். இது தலை, கழுத்துப் புற்றுநோயில் கிடைத்த முடிவு, நுரையீரலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. விலைக்கு நேர்மையான பதில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மருந்தின் அளவைச் சோதிக்கலாம், விலையைப் பேரம் பேசலாம், அரசுக் காப்பீட்டில் சேர்க்கப் போராடலாம்.

நண்பர் தன் குறியீட்டை நிரூபிக்க விரும்பினால் வழி திறந்தே இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவோடு வரட்டும், எல்லைக்கோட்டை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும், குறியீடு மோசமானவர்களுக்கு இந்த மருந்து மாற்றுச் சிகிச்சையைவிட எதையும் தரவில்லை என்று காட்டட்டும். காட்டினால் நான் ஏற்பேன். அதுவரை, நோயாளியிடம் ‘மருந்து விலை அதிகம், உங்களிடம் பணமில்லை, அரசும் கொடுக்கவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘உங்கள் ரத்தம் சரியில்லை’ என்று சொல்வதை நிறுத்தட்டும். முதலாவது கசப்பான உண்மை, கேட்டவர் கோபப்பட்டுக் கேள்வி கேட்க முடியும். இரண்டாவது, இல்லாமையை நோயாளியின் உடம்பிலேயே குற்றமாக எழுதி, அவர் வாயை அடைக்கும் பொய்.